யார் அந்த அஞ்சு?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். (கல்யாணமான ஆண்களின் கெட்ட நேரமெல்லாம் அவர்கள் குளிக்கப் போகும்போதுதான் ஆரம்பிக்கிறது.) செல்போன் அடித்தது. புது நம்பர். தர்மபத்தினி எடுத்தாள்.

"அஞ்சு இல்லையா?" - ஓர் ஆண் குரல்.

"ராங் நம்பர்." வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தது.

"வெச்சிடாதீங்க தங்கச்சி... அஞ்சு வரலேன்னா இந்த வருஷம் அய்யனார் கோவிலுக்கு யாரும் போறதா இல்ல. வருஷா வருஷம் அஞ்சுவோடதானே போறோம்? உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அவருக்குத் தெரியும்."

ஈரத் தலையோடு நான் வெளியே வந்தபோது சமையலறையில் காபி வாசனை இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"யார் அந்த அஞ்சு?" என்றாள்.

சார், அந்த அஞ்சு அடியேன்தான். அது பெண் அல்ல, எண்!

காபிக்காக அவளிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2011. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு காலேஜில் நான் மூன்றாம் வருஷம் பி.காம். காலேஜ் பெயர் வேண்டாம். அங்கே என் பேரில் நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள், அவர்களையும் இழப்பானேன்?

வருகைப் பதிவு 75 சதவிகிதம் இருந்தால்தான் பரீட்சை. எனக்கு அதில் எப்போதும் துண்டு விழும். துண்டை மறைக்க ஒரே வழி 'ஓ.டி.' - அதாவது, விளையாடப் போனதால் வகுப்புக்கு வரவில்லை என்று பி.டி. சார் எழுதித் தரும் சீட்டு. கிரிக்கெட்டில் கூட்டம். வாலிபாலில் அடிதடி. கூடைப்பந்து டீமில் பதினோரு பேர்தான் இருந்தார்கள், லிஸ்ட்டில் பன்னிரண்டு பேர் போடலாம்.

பி.டி. சார் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கூடையின் உயரம் 10 அடி. என் உயரம் 5 அடி 3 அங்குலம். மீதி நாலே முக்கால் அடியை நான் எப்படி ஈடுகட்டுவேன் என்று அவர் கேட்கவில்லை. "என்ன படிக்கிறே?" என்று மட்டும் கேட்டார்.

"பி.காம். சார்."

"நல்லதாப் போச்சு. கணக்கு எழுது."

இப்படித்தான் நான் காலேஜ் கூடைப்பந்து வீரன் ஆனேன். முதுகில் 15-ஆம் நம்பர். அப்போதெல்லாம் இந்த ஆட்டத்தில் நம்பர் 4-இல் ஆரம்பித்து 15-இல் முடியும். 1, 2, 3 ரெஃப்ரியின் விரல்களுக்குச் சொந்தம். பாயிண்ட் காட்ட வேண்டுமே! (2014-க்குப் பிறகு 99 வரை போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.) வழக்கப்படி கேப்டனுக்கு 4. கடைசி நம்பர் கடைசி ஆளுக்கு. கையில் பந்துக்குப் பதில் நீள நோட்டு. பஸ் சார்ஜ், வாழைப்பழம், குளுக்கோஸ், யார் எத்தனை பாயிண்ட், யாருக்கு எத்தனை ஃபவுல் எல்லாம் என் கையெழுத்தில்தான்.

இந்த ஆட்டம் பிறந்த கதையை பி.டி. சார் மழை நாட்களில் சொல்வார். 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். வெளியே பனி. உள்ளே அடங்காத பதினெட்டு மாணவர்கள். அவர்களை மேய்க்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார், பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அறைந்துவிட்டு, பந்தை அதில் போடச் சொன்னார். கைப்பிடி 10 அடியில் இருந்தது. கூடை இன்றைக்கும் 10 அடியிலேயே இருக்கிறது. முதல் ஆட்டத்தின் முடிவு 1-0. நம்ம ஊர்ப்பக்கம் இதைப் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஆரம்பித்த உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் ஊர் ஊராகப் போய் ரிங் நட்டார்கள்.

ஆக, பனிக்குப் பயந்து கூரைக்குக் கீழே கண்டுபிடித்த ஆட்டத்தை, நாங்கள் மதியம் மூன்று மணி வெயிலில் சிமெண்ட் தரையில் ஆடினோம். விழுந்தால் முழங்கால் தோல் தரைக்குச் சொந்தம். ஒரே ஆறுதல், எந்த டீமுக்குப் பஞ்சம் வந்தாலும் எங்களுக்கு பேண்டேஜ் துணிக்குப் பஞ்சம் வராது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாக நெய்வதே அதைத்தானே!

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு பயிற்சி. விடிகாலையில் முடங்கியாறு ரோட்டில் ஓட விடுவார் பி.டி. சார். ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுமாருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் எல்லாம் தாண்டிப் போனால் காடு ஆரம்பிக்கும். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயம் ஆக்கிய காடு. 2021-இல் புலிகள் காப்பகத்தோடும் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் யானை இறங்குவது உண்டு. "எங்கேயோ கிளை முறியுது மாப்ளே" என்று யாராவது சொன்னால் போதும். அந்த வருஷம் எங்கள் டீம் ஆடிய மிகச் சிறந்த ஃபாஸ்ட் பிரேக்கெல்லாம் அந்த ரோட்டில்தான்.

ஆற்றைத் தாண்டினால் கோவில். நீர்காத்த அய்யனார் என்று பெயர். ஆற்றில் விழுந்து எழுந்து, ஈரத்தோடு திருநீறு பூசிக்கொண்டு பன்னிரண்டு பேரும் நிற்போம். இன்டர்-காலேஜ் கப் ஜெயித்தால் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டது கேப்டன். அவனுக்குக் கப்பைவிட முக்கியமான ஒன்று இருந்தது. காமராஜர் பல்கலைக்கழக டீமில் இடம். அங்கே போய் மற்ற பல்கலைக்கழகங்களோடு ஆடிய சர்டிபிகேட் கையில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கு மனுப்போடலாம். அவன் அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். வீட்டில் அவனுக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள்.

சீசன் ஆரம்பித்தது. முதல் மேட்ச் எதிரி டீம் எங்களைவிடக் குட்டை! முப்பது பாயிண்ட் முன்னால் இருந்தோம். இரண்டு நிமிஷம் பாக்கி. பி.டி. சாருக்கு என் மேல் இரக்கம் வந்து, "15-ஐ இறக்குடா, பாவம்" என்றார்.

கேப்டன் சிரித்தான். "வேண்டாம் சார், அவன் எழுதட்டும். உள்ளே வந்தான்னா கணக்கு தப்பிடும்."

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அந்த மாதிரி நேரத்தில் அப்படித்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது. ஆபீஸில் மேனேஜர் நம்மையே வைத்து ஜோக்கடித்தால் சிரிப்பீர்களே, அதே சிரிப்பு. அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை. ஆனால் எங்கேயோ பதிவாகிவிட்டது.

அடுத்தடுத்து ஜெயித்தோம். ஜெயித்துத் திரும்பும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அரைக்கிலோ பால்கோவா வாங்கித் தருவார் பி.டி. சார். பன்னிரண்டாகப் பங்கு போடுவது என் வேலை. என்றைக்கும் ஒரு கிராம் கூடக் குறைய இருந்ததில்லை.

மதுரையில் அரை இறுதி. பெரிய காலேஜ் ஒன்றின் மைதானம், புதுசாகப் பெயின்ட் அடித்த கோடுகள். போய் நின்றதும் எங்கள் ஷூட்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று பாயிண்ட் கோடு தள்ளிப் போயிருந்தது! பழைய அளவு 6.25 மீட்டர். 2010 அக்டோபரில் உலகப் போட்டிகளுக்கு அதை 6.75 ஆக்கிவிட்டார்கள். அது மதுரை வரைக்கும் வந்துவிட்டது, எங்கள் காலேஜுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. மூன்று வருஷமாகப் பழகிய கால், பழகிய இடத்திலேயே போய் நின்றது. பந்து விழும். ரெஃப்ரி இரண்டு விரல்தான் காட்டுவார். அரை மீட்டரில் ஒவ்வொரு தடவையும் ஒரு பாயிண்ட் நஷ்டம்.

டேபிளில் ஆள் பற்றவில்லை. ஸ்கோர் எழுத வேறு ஏதோ காலேஜிலிருந்து வயதான ஒரு பி.டி. உட்கார்ந்திருந்தார். உதவிக்கு ஒரு பையன் வேண்டும் என்றார். "இவன் பி.காம். சார், கணக்கில் புலி" என்று என்னைத் தள்ளிவிட்டார் எங்கள் பி.டி. சார். (காப்பகத்துக்கு வெளியே இருந்த ஒரே புலி.)

நடுவில் நடந்ததெல்லாம் வேண்டாம். கடைசி ஒன்றரை நிமிஷத்துக்கு வருகிறேன். 57-55. நாங்கள் முன்னால். கேப்டனுக்கு நாலு ஃபவுல். ஐந்தாவது வந்தால் வெளியே. எதிரே பந்தல் நிழலில், யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரிங்குக்குக் கீழே தள்ளுமுள்ளு. விசில். கேப்டனும் எங்கள் 14-ஆம் நம்பரும் ஒரே இடத்தில் நின்றார்கள். ரெஃப்ரி டேபிளைப் பார்த்து நாலு விரல் காட்டினார். நாலு விரல் மட்டும் என்றால் 4-ஆம் நம்பர். இன்னொரு கையை முஷ்டியாக மடக்கிக் காட்டினால் 14. முஷ்டி இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் என்ன பார்த்தாரோ, 14-க்கு நேரே எழுதிவிட்டார்.

நான் என் நீள நோட்டில் 4-க்கு நேரே ஐந்தாவது கோடு போட்டேன்.

எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தது. 57-56. அவர்கள் டைம் அவுட் கேட்டார்கள். அந்த இடைவெளியில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சரி பாரு. நாலுக்கு நாலு. பதினாலுக்கு ரெண்டு. டேலி ஆகுதா?"

ஒரு 'ஆமா சார்' போதும். உலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் பி.டி. சாரைச் சுற்றி நின்றார்கள். கேப்டன் மட்டும் கொஞ்சம் விலகி, இடுப்பில் கை வைத்து, யாருமில்லாத ரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை சார். நாலாம் நம்பருக்கு அஞ்சு."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

பெரியவர் ரெஃப்ரியைக் கூப்பிட்டார். ரெஃப்ரி, "ஆமாம், நாலுதான் காட்டினேன்" என்றார். 5 என்று எழுதிய அட்டையை டேபிளிலிருந்து தூக்கினார்கள். கேப்டன் ஒன்றும் பேசாமல் வெளியே போய், துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்புறம் அவர்கள் ஒரு கூடை போட்டார்கள். 58-57. கடைசி விநாடியில் எங்கள் ஷூட்டர் தன் பழைய இடத்திலிருந்து எறிந்தான். ரிங்கில் ஒரு சுற்று சுற்றியது. இரண்டு பாயிண்டே போதுமாயிருந்தது. வெளியே வந்து விழுந்தது.

மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. கிருஷ்ணன்கோவில் தாண்டி எவனோ பின்னாலிருந்து "அஞ்சு!" என்றான். இன்னொருத்தன் "கணக்கில் புலி அஞ்சு!" என்றான். பெயர் அப்படி வந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. அன்றைக்கு யாரும் பால்கோவாவுக்கு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து யுனிவர்சிட்டி லிஸ்ட் வந்தது. கேப்டன் பெயர் இல்லை. அந்த ஒன்றரை நிமிஷம் ஆடியிருந்தால் எடுத்திருப்பார்களா? யாருக்குத் தெரியும்? நான் மட்டும் மனசுக்குள் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசி கடைசி ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் சைக்கிள் மணி. கேப்டன்.

"அஞ்சு, கிளம்பு. அய்யனார் கோவிலுக்கு."

"தோத்துட்டோமே மாப்ளே, பொங்கல் எதுக்கு?"

"ஏறுடா."

பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். மழை பெய்து ஆற்றில் முழங்கால் தண்ணீர். பானை பொங்கி வழியும்போது, கேப்டன் என்னைத் தனியாகப் பாறைப் பக்கம் கூட்டிப் போனான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குத் தெரியும்டா. அஞ்சாவது என்னுதுதான். கை என் கைதான் பட்டுச்சு. நானே கையைத் தூக்கியிருக்கணும். நீ டேபிள்ல முழிச்சிட்டு உக்காந்திருந்தேல்ல, அப்ப, 'இவன் ஆமான்னு சொல்லிடணும் சாமி'ன்னு வேண்டிக்கிட்டு ரிங்கையே பார்த்துட்டு நின்னேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நான் அவன் தோளில் கை போட்டேன். (எட்டவில்லை. முதுகில் போட்டேன்.) பொங்கலைப் பன்னிரண்டு பங்காக்கினேன். சரியாக இருந்தது. அன்றிலிருந்து எங்கே வேலையில் இருந்தாலும் ஐப்பசி கடைசி ஞாயிறு அங்கே சேர்ந்துவிடுவோம். கேப்டன் இப்போது மில்லில் சூப்பர்வைசர். சாயந்திரம் சின்னப் பையன்களுக்கு ரிங் போடச் சொல்லித் தருகிறான். ஃபவுல் பட்டால் கையைத் தூக்காத பையனுக்கு மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு.

கதை முடிந்தது. காபி வந்தது. டம்ளரை வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "அவர் மனசுல இருந்ததை அவர் சொல்லிட்டார். நீங்க சொன்னீங்களா?"

"நான் என்ன சொல்ல? உண்மையைத்தானே சொன்னேன்."

"எதுக்குச் சத்தமாச் சொன்னீங்க?"

எட்டே மாசத்தில் இப்படி ஆடிட் பண்ணக் கற்றுக்கொண்டவளிடம் என்ன மறைப்பது? இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அந்த 'அஞ்சு'வைச் சொன்னபோது மனசில் நியாயம் இருந்தது, தப்பான கணக்கைக் கண்டால் கை அரிக்கிற பி.காம். புத்தி இருந்தது, எல்லாம் இருந்தது. ஓர் ஓரத்தில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. முதல் மேட்சில் பெஞ்ச் முழுக்கச் சிரித்ததே, அதற்குப் பதில் வரவு. 'உள்ளே வந்தால் கணக்கு தப்பிடும் என்றாயே, இப்போது வெளியே உட்கார்ந்துகொண்டே உன்னை வெளியே அனுப்புகிறேன் பார்.' அரை விநாடிதான் இருந்திருக்கும். ஆனால் இருந்தது. மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதே 'அஞ்சு'வைத்தான் சொல்வேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன், அவ்வளவுதான்.

"அந்தப் பாறை மேல அவர் சொல்றப்ப நீங்களும் சொல்லியிருக்கலாம்ல?"

"தைரியம் வரலை."

"டேலி ஆகாத கணக்கை வீட்டுல வெச்சுக்கிட்டா ஊருக்கெல்லாம் கணக்கு எழுதறீங்க?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான் இதை எழுதினேன். கேப்டன் வாராவாரம் இந்தப் பத்திரிகையை மில் கேட் கடையில் வாங்குகிறவன். முதலில் ஜோக்குகளைப் படிப்பான், அப்புறம் இந்தப் பக்கத்துக்கு வருவான். வருகிற ஞாயிறு கோவிலில் பார்ப்போம். இந்த வருஷம் அவளும் வருகிறாள்.

ஒரே கவலை. ஆற்றில் வெள்ளம் வந்தால் வனத்துறைக்காரர்கள் கோவிலுக்கு விடமாட்டார்கள். போன வருஷங்களில் எல்லாம், 'வெள்ளம் வந்தால் நல்லதுதான், அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை' என்று உள்ளுக்குள் நினைத்ததுண்டு. இந்தத் தடவை அப்படி இல்லை. மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது. ஊருக்குத் தண்ணீர் வேண்டும், பெயரே நீர்காத்த அய்யனார்.

சனிக்கிழமை வரைக்கும் நன்றாகப் பெய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மழைக்கு ஒரு ஓ.டி. போட்டுக் கொடுத்தால் போதும், சாமி.